மாமாவுக்கு: நம் படப் போட்டிக்கு ஒரு புது விதி

அன்புள்ள மாமா,

நம் ஞாயிற்றுக்கிழமைப் புகைப்படப் போட்டியில் ஒரு விதி சேர்க்கவேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். படத்தில் இருப்பவரை அடையாளம் தெரிகிறது என்றால், அந்தப் படத்தின் பிரிண்ட் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்த பிறகே அது போட்டிக்குச் செல்லும். அதுவரை நம் நடுவரான அத்தையிடம், அதாவது உங்கள் அம்மாவிடம், காட்டக்கூடாது. வீட்டில் வாயால் சொன்னால் சாப்பாட்டுப் பேச்சோடு போய்விடும். எழுதினால் நின்று படிப்பீர்கள். காசிமேட்டுக்கும் தண்டையார்பேட்டைக்கும் கேமராவோடு கிளம்புகிற மற்றவர்களும் படிக்கட்டும்.

இந்தப் போட்டி எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. வாரத்துக்கு ஒரு தலைப்பு, ஆளுக்கு ஒரே படம், கேமராவும் போனும் மாற்றி மாற்றி. ராயபுரத்தைச் சுற்றியே இருக்கவேண்டும் என்று நீங்கள் எல்லை போட்டதுதான் இதில் நல்ல விஷயம். திரும்பத் திரும்ப அதே தெருவுக்குப் போவதால்தான் வெளிச்சம் பிடிபட்டது.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கடல் கிழக்கே இருக்கிறது. விடியும்போது சூரியன் படகுகளுக்குப் பின்னாலிருந்து எழும். படகும் ஆளும் கறுப்பு உருவங்களாகத்தான் விழுவார்கள். அதே படகின் வர்ணம் வேண்டுமென்றால் சாயங்காலம் போகவேண்டும். மீன் ஏலமோ இருட்டிலேயே தொடங்கிவிடுகிறது. போனின் நைட் மோடு பல படங்களை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கித்தான் ஒரு படம் செய்யும். ஏலம் கூவுகிறவர் கை ஒரு நொடிகூட நிற்பதில்லை, அதனால் புகைபோலக் கரைந்துவிடும். அதை அணைத்துவிட்டு விளக்குக்கு அடியில் போய் நின்றால் போதும் என்று நீங்கள்தான் காட்டினீர்கள். நனைந்த தரையே பாதி வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. வஞ்சிரம் விளக்கில் மினுங்கி வெறும் வெள்ளையாக வெளுத்துப் போகாமல் இருக்க, திரையில் மீன்மேலேயே தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்கிக்கொள்வது நான் கண்டுபிடித்தது.

இதையெல்லாம் நாம் பேசிக்கொண்டே இருக்கிறோம். அத்தை ஒருநாளும் இதைக் கேட்டதில்லை. படத்தைக் கண்ணாடி போட்டுப் பார்ப்பார், பிறகு கேட்பார்: "இது யாரு? நீ எடுத்தது அதுக்குத் தெரியுமா? பாத்துட்டு என்ன சொல்லுச்சு?" நமக்குப் பாதி நேரம் பதில் இருக்காது. பிறந்ததிலிருந்து இந்தத் தெருக்களிலேயே இருப்பவர் அவர். அவருக்கு அந்த முகங்கள் எல்லாம் யாரோ ஒருவருடைய மகளும் மருமகளும்தான். அந்தக் கேள்வி நியாயமானது என்று எனக்குப் படுகிறது.

ஞாயிறு விடியற்காலையில் துறைமுகத்துக்குக் கூட்டமாகப் படம் எடுக்க வருகிறார்கள். வரட்டும், இடம் எல்லாருக்கும் பொது. ஆனால் குனிந்து மீன் வெட்டுகிற பெண்ணின் முகத்துக்கு ஒரு முழம் தூரத்தில் லென்ஸை நீட்டிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் நகர்ந்து போவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. "எதுக்கு எடுக்கற? எங்க போடுவ?" என்று அந்தப் பெண்கள் கேட்பதை, படம் எடுக்க வந்தவர்கள் கோபம் என்று நினைக்கிறார்கள். அது கணக்குக் கேட்பது. வடசென்னை என்றாலே கத்தியும் குப்பையும் புகையும்தான் என்று காட்டிக் காட்டி, இங்கே இருப்பவர்களுக்குத் தங்கள் முகம் எதற்குப் பயன்படுமோ என்ற சந்தேகம் வந்துவிட்டது. எண்ணூரின் சாம்பலையும் புகையையும் எடுக்கவேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அவசியம் எடுக்கவேண்டும். அதைச் சுவாசிக்கிறவர்களுக்கும் அந்தப் படம் போய்ச் சேரவேண்டும் என்கிறேன்.

முன்கூட்டியே கேட்டால் இயல்பு போய்விடும் என்பீர்கள். தெரியும். நான் கேட்பது முன்னால் அனுமதி இல்லை, பின்னால் பிரிண்ட். ஏலத்தின் நடுவில் யாரையும் நிறுத்திக் கேட்க முடியாது. எடுங்கள், ஏலம் முடிந்ததும் பக்கத்தில் போய்க் காட்டுங்கள். வேண்டாம் என்றால் அவர் கண்ணெதிரே அழித்துவிடுங்கள். குழந்தைகள் என்றால் மட்டும் எடுப்பதற்கு முன்பே வீட்டுப் பெரியவர்களைக் கேட்கவேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

காரப்பொடி மீன் விற்கிற அக்கா ஞாபகம் இருக்கிறதா? தராசைத் தூக்கிப் பிடித்தபடி அவர் சிரிக்கிற படம். நீங்கள் போனில் காட்டியதும் அவர் முகம் சுளித்தார். "செதிலும் சகதியுமா இருக்கறப்ப எடுத்தத எவன் மாட்டுவான்? நாளைக்குப் பூ வச்சுக்கினு வரேன், அப்ப எடு." சொன்ன மாதிரியே வந்தார். கூடையைக் கீழே வைத்துவிட்டு, நேராக நின்று, லென்ஸைப் பார்த்தார். உங்களுக்கு அந்த இரண்டாவது படம் சாதாரணமாகத் தோன்றியது. நீங்கள் எடுத்ததிலேயே அதுதான் சிறந்த படம் என்பேன். அதில் அவர் எப்படித் தெரியவேண்டும் என்பதை அவரே முடிவு செய்திருக்கிறார். அதன் பிரிண்ட் இன்னும் நம் வீட்டில்கூட இல்லை.

நீங்கள் எடுக்கிற கட்டடங்களுக்கு இந்த விதியால் எந்தத் தடையும் வராது. 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய நம் ராயபுரம் ஸ்டேஷன், பழைய ஜெயில் ரோட்டில் மிச்சமிருக்கிற கோட்டைச் சுவர், 1910இல் கட்டிய பார்சிக் கோயிலின் வாசல், எல்லாம் உங்கள் இஷ்டம். மெட்ரோ தண்டையார்பேட்டை தாண்டி மேலே ஏறியதும் ஜன்னலில் தெரிகிற மொட்டை மாடிகளும் அப்படித்தான், அந்தத் தூரத்தில் யார் முகமும் தெரிவதில்லை.

கேரம் கிளப் பையன்களின் படமும் இதற்குச் சாட்சி. பலகைக்கு மேலே தொங்குகிற ஒரே பல்பு, பவுடர் படிந்த விரல்கள். முதலில் போனபோது எல்லாரும் காலரைத் தூக்கிவிட்டு போஸ் கொடுத்தார்கள். அடுத்தமுறை பிரிண்டோடு போனபோது சுற்றி நின்று பார்த்தார்கள், கலாய்த்தார்கள், பிறகு ஆட்டத்துக்குத் திரும்பிவிட்டார்கள். நாம் இருப்பதையே மறந்துவிட்டார்கள். நீங்கள் தேடுகிற இயல்பு அப்போதுதான் கிடைத்தது. வெளியிலிருந்து வருகிறவர்களால் இப்படி மறுபடி மறுபடி வந்து நிற்கமுடியாது. நமக்கு அது பக்கத்துத் தெரு.

இன்னொன்றும் யோசித்திருக்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும், வலை பின்னுவதும் வர்ணம் அடிப்பதும் எஞ்சின் பிரிப்பதும் நடக்கும். வருமானம் இல்லாத நாட்கள் அவை, அதனால் அப்போது கேமராவோடு போவதற்கு நாம் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். ஆனால் உட்கார்ந்து பேச அவர்களுக்கு நேரம் இருப்பதும் அப்போதுதான். அந்த 61 நாளும் தலைப்பே வேண்டாம். யார் கேட்கிறார்களோ அவர்களை, அவர்கள் கேட்கிற மாதிரி, குடும்பத்தோடு எடுத்துக் கொடுப்போம். போட்டியை ஜூனில் மறுபடி தொடங்கலாம்.

அத்தை சரி என்றுவிட்டார். நீங்களும் சரி என்றால், பிரிண்ட் போடவேண்டிய படங்களை இன்று இரவே தனி ஃபோல்டரில் எடுத்து வையுங்கள், 4×6 அளவில். காரப்பொடி அக்காவுடையதை மட்டும் பெரிதாகப் போடச் சொல்லுங்கள், சுவரில் மாட்டப்போகிறார். இந்த வாரத் தலைப்பு என் முறை: "உட்கார்ந்து செய்கிற வேலை." கேமரா உங்களுக்கு, போன் எனக்கு.

அன்புடன்,
உங்கள் மனைவி