எடைமேடைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி: கோளரங்க நிர்வாகிகளுக்குத் திறந்த மடல்

கோளரங்கங்களையும் அறிவியல் மையங்களையும் நடத்தும் நிர்வாகிகளுக்கும், அவற்றின் காட்சிப் பொருள்களை வடிவமைப்பவர்களுக்கும்,

வணக்கம்.

ஏறி நிற்பவரின் எடை நிலவில் எவ்வளவு, செவ்வாயில் எவ்வளவு என்று காட்டும் மேடையைச் சுற்றிப் பிள்ளைகள் எப்போதும் மொய்த்துக்கொண்டிருப்பார்கள். 30 கிலோ உள்ள ஒரு சிறுமி ஏறினால் நிலவுக்கு நேரே 5 கிலோ என்றும் செவ்வாய்க்கு நேரே 11 கிலோ என்றும் எண்கள் ஒளிர்கின்றன. அவளும் சிரித்தபடி இறங்கிப் போகிறாள். அந்த மகிழ்ச்சியில் எனக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால், நிலவுக்குப் போனால் தன் உடலே ஆறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும் என்ற எண்ணத்தோடு அவள் வீடு திரும்ப நேர்கிறதே, அதைப் பற்றியே இம்மடல்.

உடலிலுள்ள பொருளின் அளவாகிய நிறை எங்கே போனாலும் 30 கிலோகிராம்தான். அந்த நிறையைக் கோளோ நிலவோ இழுக்கும் விசையே எடை. அச்சிறுமிக்கு அது புவியில் ஏறத்தாழ 294 நியூட்டன், நிலவில் ஏறத்தாழ 49 நியூட்டன். பாடநூல் இந்த வேறுபாட்டைக் கற்பித்துத் தேர்விலும் கேட்கிறது. கல்விச் சுற்றுலாவாக உங்களிடம் வரும்போதோ இரண்டும் ஒரே 'கிலோ'வாகக் கலந்துவிடுகின்றன. மேடையில் நியூட்டன் கணக்கையும் சேர்த்துக் காட்டுவதற்குப் பெரிய செலவு ஏதும் ஆகாது.

எடை குறைந்தாலும் நிறை குறையாது என்பதற்கு நிலவிலேயே நடந்த சான்று உண்டு. 1972 ஏப்ரலில் அப்பல்லோ 16 பயணத்தின்போது சார்லஸ் டியூக் உயரம் தாண்டிப் பார்க்க முயன்று, நிலை தடுமாறி மல்லாந்து விழுந்தார். உயிர்காப்புக் கருவிகள் அடங்கிய முதுகுப்பெட்டி அவரைப் பின்புறமாகச் சாய்த்துவிட்டது. விண்வெளி உடையும் அப்பெட்டியும் சேர்ந்து இன்னோர் ஆளின் நிறைக்கு ஈடானவை. அவற்றின் எடை ஆறில் ஒரு பங்காகியிருந்ததே தவிர, நிறையைப் பொறுத்த நிலைமம், அதாவது அசைவு மாறுவதை எதிர்க்கும் தன்மை, இம்மியும் குறையவில்லை.

பெரிய கோள் என்றால் பெரிய எடை என்ற தோற்றத்தையும் உங்கள் பட்டியல்கள் ஏற்படுத்துகின்றன. வியாழனின் எண் எல்லாரையும் வியக்க வைப்பதால் மற்றவை கண்ணில் படுவதில்லை. செவ்வாயின் நிறை புதனைப் போல ஏறத்தாழ இருமடங்கு. ஆயினும் புதனின் ஆரம் 2,440 கிலோமீட்டர் மட்டுமே, செவ்வாய்க்கோ 3,390. மையத்திலிருந்து விலக விலக ஈர்ப்பு தொலைவின் இருமடிக்கு ஏற்பக் குறைவதால், இரண்டிலும் நம் எடை கிட்டத்தட்ட ஒன்றே. சனியின் உபகோளான டைட்டன் நம் நிலவைவிட உருவில் பெரியது. ஆனாலும் பனிக்கட்டி மிகுந்து அடர்த்தி குறைந்திருப்பதால், அங்கே எடை நிலவில் இருப்பதைவிடக் குறைவு. சனியோ இன்னும் சுவையானது. புவியைப் போல் 95 மடங்கு நிறை கொண்டிருந்தும், ஏறத்தாழ பத்தரை மணி நேரத்துக்கு ஒருமுறை தன்னைத் தானே சுற்றும் வேகத்தால், அதன் நடுக்கோட்டு மேகமட்டத்தில் நம் எடை புவியில் உள்ளதைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். துருவத்திலோ கூடுதலாக இருக்கும். சனியில் நிற்பதற்குத் தரையே கிடையாது என்பதையும் ஒரு வரியில் குறிப்பிட வேண்டாமா?

என் முதன்மையான வேண்டுகோளுக்கு வருகிறேன். 1973-இல் ஸ்கைலேப் விண்வெளி நிலையத்தில் வீரர்களின் உடல்நிறையை அளக்க ஒரு நாற்காலி இருந்தது. நிலையமும் அதிலுள்ளோரும் ஒருசேரப் புவியைச் சுற்றி விழுந்துகொண்டே இருப்பதால் சாதாரண எடைப்பொறி அங்கே எதையும் காட்டாது. ஆகவே, சுருள்வில்லோடு இணைத்த அந்த நாற்காலியில் வீரர் உடலைக் குறுக்கிக்கொண்டு அசையாமல் அமர்வார். அதை இழுத்து விட்டதும் முன்னும் பின்னும் ஆடும். நிறை கூடினால் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் எடுக்கும் நேரமும் கூடும். அந்த நேரத்திலிருந்து நிறையைக் கணக்கிட்டார்கள். இதில் ஈர்ப்பு எவ்வளவு என்ற பேச்சுக்கே இடமில்லை.

அத்தகைய நாற்காலி ஒன்றைக் கிடைமட்டத் தண்டவாளத்தில் ஓடும்படி உங்கள் எடைமேடைக்குப் பக்கத்தில் அமைத்துத் தாருங்கள். சுருள்விற்கள், உராய்வு குறைந்த உருளைகள், நேரம் காட்டும் கருவி ஆகியவற்றைக் கொண்டு நல்ல பட்டறை ஒன்றிலேயே செய்துவிடலாம். மேடையில் 49 நியூட்டனைப் பார்த்துவிட்டு வரும் சிறுமி, இங்கே அமர்ந்து தன் 30 கிலோகிராமைக் கண்டுகொள்ளட்டும்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர் ஒருவர்