கேழ்வரகு வயலுக்கு நாட்டு மொச்சை விதை கேட்டு மனு

அனுப்புநர்:
மானாவாரிக் கேழ்வரகு விவசாயிகள்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
கிருஷ்ணகிரி.

பொருள்: கேழ்வரகில் ஊடுபயிராக விதைக்க நாட்டு மொச்சை விதை ஆனி மாதத்துக்குள் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊரில் மானாவாரிக் கேழ்வரகைத் தனியாக விதைக்கிற வழக்கம் இருந்ததில்லை. ஆடி மழைக்கு உழுது, எட்டு சால் (உழவு வரிசை) கேழ்வரகுக்கு ஒரு சால் மொச்சை போடுவோம். கேழ்வரகு நான்கு மாதத்தில் அறுப்புக்கு வரும். அதுவரை மொச்சை அதன் காலடியில் அடங்கிக் கிடக்கும். கார்த்திகையில் கதிர் அறுத்ததும் கொடி தாள் மேல் படர்ந்து, மார்கழிப் பனியில் பூத்து, தையில் காய் கொடுக்கும். ஒரே உழவில் இரண்டு வெள்ளாமை. புரட்டாசி மழை ஏமாற்றிக் கதிர் பாதி பதராகிப்போன வருஷத்திலும் மொச்சை வீட்டுச் செலவைத் தாங்கியிருக்கிறது. அதன் வேர்முடிச்சு தழைச்சத்தைப் பிடித்து வைப்பதையெல்லாம் தங்கள் அதிகாரிகளுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

சிக்கல் விதையில்தான். போன ஆண்டு மானிய விலையில் எங்களுக்குக் கிடைத்தது குத்துச்செடி ரகம். எந்தப் பட்டத்தில் விதைத்தாலும் இரண்டு மாதத்தில் பூத்துவிடும். தனிப்பயிருக்கு அது நல்ல ரகம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் கேழ்வரகு இடுப்பளவு நிற்கும்போது அந்த நிழலுக்குள் பூத்தது. மழையில் பூவெல்லாம் கொட்டிப்போனது. எல்லோர் சார்பிலும் இந்த மனுவை எழுதும் என் ஒன்றரை ஏக்கரில் தேறியது இரண்டு படி. வரப்போரம் வீட்டு விதை போட்ட ஒரு சால் மட்டும் தை வரை காய்த்தது. நாட்டு மொச்சை பகல் பொழுது குறுகினால்தான் பூக்கும். கேழ்வரகோடு அது மோதாமல் இருப்பதே அதனால்தான்.

2025-26இல் கேழ்வரகுக்குக் குவிண்டாலுக்கு 4,886 ரூபாய் ஆதார விலை வந்ததில் எங்களுக்கு மகிழ்ச்சி. ஆனால் விலையைப் பார்த்து மொச்சைச் சாலிலும் கேழ்வரகையே விதைத்தவர்கள் ஊரில் உண்டு. நானும் ஓர் ஆண்டு அப்படிச் செய்தவன்தான். செம்மண் கட்டிய விதை மொச்சையைப் பானையில் வைத்திருக்கும் வீடுகள் இப்போது நாலைந்துதான்.

அந்த வீடுகளிலிருந்தே உரிய விலைக்கு விதை வாங்கி, பெருக்கி, வேர்முடிச்சுக்கு உதவும் ரைசோபியம் நுண்ணுயிர் உரப் பொட்டலத்தோடு ஆனி முடிவதற்குள் எங்களுக்குக் கிடைக்க ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம். ஆடி பிந்தினால் விதைத்துப் பயனில்லை. கேழ்வரகு செயல்விளக்கத் திடல்களிலும் ஒரு சால் மொச்சைக்கு விட வேண்டும். அப்புறம், கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலில் இரண்டு பயிரையும் பதிய உத்தரவிட வேண்டும்.

மாதிரிக்கு ஒரு படி விதை மொச்சை இத்துடன் வைத்துள்ளோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
விவசாயிகள்