நாணயம் சேகரிப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் நடந்தன. ஐப்பசி மழையில் ஒன்று மட்டும் தள்ளிப்போனது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் குடியரசு தினக் கண்காட்சியைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன். ஆண்டு முழுக்க நாம் சண்டை போட்டதே அதற்காகத்தானே.

எந்த ஆண்டிலிருந்து தொடங்குவது என்பதுதான் சண்டை. பாதிப் பேர் 1947 என்றார்கள். சரி என்று காசுகளைத் தட்டில் அடுக்கினோம். 1947 என்று ஆண்டு போட்ட ரூபாய்க் காசில் இருப்பவர் பிரிட்டிஷ் அரசர் ஆறாம் ஜார்ஜ், 'கிங் எம்பரர்' பட்டத்தோடு, பின்பக்கம் புலி. சுதந்திரம் வந்த பிறகும் கடைத்தெருவில் அவர்தான் செல்லுபடி. நம் புது வரிசை 1950 ஆகஸ்ட் 15 அன்றுதான் வந்தது. அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. இடையில் 1948, 1949 என்று ஆண்டு போட்ட காசு எதையும் இந்திய அரசு புழக்கத்தில் விடவில்லை. ஆகவே தட்டில் அந்த இரண்டு ஆண்டுகளுக்கான குழிகளையும் காலியாகவே வைத்தோம். "காசு தொலைஞ்சு போச்சா சார்?" என்று கேட்காத பிள்ளை இல்லை. என் கணக்கில் கண்காட்சியிலேயே நல்ல இடம் அந்தக் காலிக் குழிகள்தான்.

1950 வரிசையில் அரசர் இருந்த இடத்துக்குச் சாரநாத் சிங்கத்தூண் வந்தது. ரூபாய் நோட்டுக்கு முதலில் காந்தி படத்தைத்தான் யோசித்து வடிவங்களும் தயாரித்தார்கள். கடைசியில் சிங்கத்தூண் என்று முடிவாகி, 1949 ஒரு ரூபாய் நோட்டிலேயே அது வந்துவிட்டது. ரூபாய்க் காசின் பின்பக்கத்தில் புலி போய்த் தானியக் கதிர் வந்தது. அரையணா, ஓரணா, இரண்டணாவில் காளை. காலணாவில் குதிரை. சாரநாத் தூணின் பீடத்திலும் யானை, சிங்கத்தோடு இந்தக் குதிரையும் காளையும் உண்டு.

'குடியரசு' என்ற சொல்லைத் தேடிப் பூதக்கண்ணாடியோடு வந்தவர்கள் ஏமாந்தார்கள். 1950 காசில் 'கவர்ன்மென்ட் ஆஃப் இந்தியா' என்றுதான் இருக்கிறது. முகம் மாறியதே தவிர கணக்கு மாறவில்லை: ரூபாய்க்கு 16 அணா, 64 காலணா. அரையணாவும் இரண்டணாவும் முன்போலவே சதுரம், ஓரணா வளைவு வளைவான விளிம்போடு. இருட்டில் தடவிப் பார்த்தே சில்லறை கொடுத்துப் பழகியவர்களுக்கு ஆட்சி மாறியது விரலில் தெரிந்திருக்காது. காலணா மட்டும் விதிவிலக்கு. போர்க்காலத்தில், 1943 முதல், வந்த ஓட்டைக் காலணாவின் ஓட்டையைக் குடியரசு அடைத்துவிட்டது! இதைச் சொன்னபோதுதான் கூட்டத்தில் முதல் கைதட்டல்.

ஒரு வருத்தமும் உண்டு. கண்காட்சிக்காக ஓர் உறுப்பினர் எடுத்து வைத்திருந்த குதிரைக் காலணாக்களை, அவர் வீட்டில் ஆசையாகப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று அனுப்பிவிட்டார்கள். வெண்கலத்தின் மேல் எழுபது ஆண்டுகளாகப் படிந்த நிறம் ஒரு மதியத்தில் போயிற்று. யாரையும் குறை சொல்லவில்லை. காசைக் கழுவ வேண்டாம், துடைக்கவும் வேண்டாம் என்று அடுத்த சுற்றறிக்கையில் பெரிய எழுத்தில் போடுகிறேன்.

வரும் ஆண்டுக்கு 1957 ஏப்ரல் 1 அன்று தொடங்கிய, ரூபாய்க்கு நூறு என்ற நயா பைசாவை எடுத்துக்கொள்ளலாம் என்று செயற்குழு நினைக்கிறது. ஓரணாவுக்கு ஆறேகால் நயா பைசா என்று அன்று கடைக்காரர்கள் பட்ட பாட்டை நேரில் பார்த்த பெரியவர்கள் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைப் பதிவு செய்ய வேண்டும். அப்புறம், 50 பைசாவை ஏன் இன்னும் எட்டணா என்கிறோம் என்று பிள்ளைகளுக்கு அங்கேயே விளக்கிவிடலாம்.

தட்டுகள் செய்யத் தச்சருக்குக் கொடுத்தது போகப் பாக்கி நிற்கிறது. சந்தா தராதவர்கள் இன்றே பொருளாளரைப் பார்க்கவும்.

இப்படிக்கு,
செயலாளர்