பெரா சோதனையைத் தள்ளிப்போடாதே

அன்புள்ள மீனா,

பெண் குழந்தை பிறந்ததில் அவ்வளவு சந்தோஷம். கூடவே காதுப் பரிசோதனையில் தேறவில்லை என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் உடனே பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். காதில் சின்னக் கருவி வைத்துப் பார்க்கும் ஓஏஇ என்கிற அந்த முதல் சோதனையில் தேறாத குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்குக் காது நன்றாகவே கேட்கும், பிறந்த புதிதில் காதுக்குள் கொஞ்சம் நீர் தங்கியிருந்தாலே அப்படி வரும். அதற்காக அடுத்த சோதனையான பெராவை, அதாவது சத்தத்துக்குக் காது நரம்பும் மூளையும் எப்படிப் பதில் தருகின்றன என்று பார்க்கும் சோதனையை, மட்டும் தள்ளிப்போடாதே. கதவு சத்தத்துக்குத் திரும்புகிறாளே என்று வீட்டில் சொல்வார்கள். குறை இருக்கும் குழந்தையும் பெரிய சத்தத்துக்குத் திரும்பலாம், மெல்லிய பேச்சொலிகள்தான் விட்டுப்போகும். 3 மாதத்துக்குள் குறை உண்டா இல்லையா என்று தெரிந்துவிட வேண்டும், உண்டென்றால் 6 மாதத்துக்குள் காது கேட்க உதவும் மெஷினோ பயிற்சியோ தொடங்கிவிட வேண்டும்.

எங்கள் பையனுக்கு பெரா எடுத்த இடத்தில் ஒரு தாளைக் கையில் கொடுத்து, இரண்டு காதிலும் குறை, மெஷின் போடணும் என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. பெற்றவர்களுக்கு அந்த நேரத்தில் பத்து நிமிடம் கொடுக்க முடியாதா? பிறகு வேறோர் ஆடியாலஜிஸ்ட், அதாவது கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணர், எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் ஆடியோகிராம் வரைபடத்தை எதிரில் வைத்து, இந்த ஒலிகள் அவனுக்குக் கேட்கும், இவை கேட்காது, மெஷின் போட்டால் இதுவரை எட்டும் என்று கோடு போட்டுக் காட்டினார், அன்றுதான் எங்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்றே புரிந்தது. நீயும் அப்படிக் கேட்டு வாங்கு, தயங்காதே.

அப்புறம், மெஷின் தேவைப்பட்டால் ஒன்று தெரிந்துகொள். குழந்தையின் காது வளர வளர, காதுக்குள் பொருந்தும் இயர் மோல்ட் என்கிற அச்சு லூசாகி மெஷின் கீச்சென்று கத்தும், முதல் வருடத்தில் சில வாரங்களுக்கு ஒருமுறைகூட மோல்ட் மாற்ற வேண்டிவரும். இதை எங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. மெஷினில் இருக்கும் பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து, அதனால் பூட்டு வைத்த பேட்டரி மூடி வேண்டும் என்று கேள்.

பையன் இப்போது ஓயாமல் பேசுகிறான், சைகை மொழியும் கற்றுக்கொள்கிறான். பேச்சு வந்த பிறகு சைகை எதற்கு என்று கேட்கிறார்கள். குளிக்கும்போதும் தூங்கப்போகும்போதும் மெஷின் காதில் இருக்காதே, அப்போது அவனோடு பேச வேண்டாமா?

பெராவுக்குக் குழந்தை தூங்கியாக வேண்டும். வழியில் தூங்கவிடாமல் கூட்டிப்போய், அங்கே பால் கொடுத்துத் தூங்கவை. ரிப்போர்ட் வந்ததும் போட்டோ எடுத்து அனுப்பு, என்னென்ன கேட்க வேண்டும் என்று சேர்ந்தே பார்ப்போம்.

அன்புடன்,
கவிதா