பலாலிக்கும் திருச்சிக்கும் இடையே 185 கிலோமீட்டர்

யாழ்ப்பாணத்துப் பலாலி வான்வழியைத் திட்டமிடும் இரு நாட்டு விமானப் போக்குவரத்து அதிகாரிகளுக்கும், அவ்வழியில் சேவை நடத்தும் நிறுவனங்களுக்கும்,

வணக்கம்.

பலாலியிலிருந்து திருச்சி விமான நிலையம் நேர்கோட்டில் ஏறத்தாழ 185 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. திருச்சிக்காரர் ஒருவர் பேருந்தில் சென்னைக்குப் போகும் தூரத்தில் இது பாதியைச் சற்றே தாண்டும். பலாலிக்கும் சென்னை மீனம்பாக்கத்துக்கும் இடையேகூட 355 கிலோமீட்டரளவுதான். 2006இல் இலங்கை மீண்டும் இந்திய நேரத்துக்கே மாறிவிட்டதால், கடிகார முள்ளைத் திருப்பும் வேலையும் இல்லை.

2018இல் என் அம்மாவைக் கண் சிகிச்சைக்காகத் திருச்சிக்கு அழைத்துச் சென்றேன். மாலையில் உரும்பிராயில் வாடகை வாகனம் ஏறி, 350 கிலோமீட்டருக்கும் அதிகமாகத் தெற்கே, கொழும்புக்கு அருகிலுள்ள கட்டுநாயக்கா விமான நிலையம் வரை போய், அங்கே மூன்று மணி நேரம் காத்திருந்து, வந்த திசைக்கே திரும்புவதுபோல வடக்கு நோக்கிப் பறந்தோம். இரவெல்லாம் தொங்கவிட்டிருந்ததில் அம்மாவின் கால்கள் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டே குடிவரவு வரிசையில் நின்றார்.

2019 அக்டோபர் 17 அன்று பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டதும், நவம்பரில் சென்னைச் சேவை தொடங்கியதும் எங்களுக்கு எத்தகைய ஆறுதலாக இருந்திருக்கும் என்பதை நீங்கள் உணர்வீர்கள். பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் நின்ற அச்சேவை 2022 டிசம்பரில்தான் மீண்டது. 2025 மார்ச் 30 அன்று திருச்சிக்கும் வழி திறந்தது. அவ்வழியில் முதல்முறை பயணம் செய்தபோது, கடலைப் பார்த்து முடிப்பதற்குள் தரை வந்துவிட்டது என்றார் அம்மா.

பறப்பது ஒரு மணி நேரமாகச் சுருங்கியும், மூன்று மணி நேரம் முன்னதாக வந்து நிற்கச் சொல்லும் வழக்கம் மட்டும் சுருங்கவில்லை. எழுபது பேரளவில் ஏறும் ஏடிஆர் விமானத்துக்கும், முந்நூறு பேர் ஏறும் பெரிய விமானத்துக்கும் ஒரே காத்திருப்பு எதற்கு? சோதனையைத் தளர்த்தச் சொல்லவில்லை. முதியோருக்கும் நோயாளிகளுக்கும் தனி வரிசை அமைத்து, வருகை நேரத்தைப் பயணிகளின் எண்ணிக்கைக்கேற்ப வகுக்க வேண்டும் என்றே கேட்கிறோம். நேரம் மாறினாலோ சேவை ரத்தானாலோ முந்தைய நாளே அறிவியுங்கள். தீவுப் பகுதிகளிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் வருபவர்கள் இருட்டிலேயே வீட்டைவிட்டுக் கிளம்புகிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பலாலி ஓடுபாதையை நீட்டும் பணியை விரைவுபடுத்துங்கள். ஓடுபாதை நீளாதவரை பெரிய விமானம் இறங்க முடியாது. சிறிய விமானத்தில் இருக்கை கிடைக்காத நாளில் நாங்கள் மறுபடியும் கட்டுநாயக்காவுக்கே போக வேண்டியிருக்கிறது.

அம்மாவின் அடுத்த கண் பரிசோதனை தை மாதத்தில்.

இப்படிக்கு,
உரும்பிராயிலிருந்து ஒரு பயணி