சோல்பானைத் தமிழுக்கு அழைத்து வாருங்கள்: பதிப்பாளர்களுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய தமிழ்ப் பதிப்பாளர்களுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் வணக்கம்.

உஸ்பெக் மொழியின் நவீனக் கவிதைக்கும் உரைநடைக்கும் அடித்தளமிட்டவர்களுள் முன்வரிசையில் வைத்துப் பேசப்படும் சோல்பானின் 'இரவும் பகலும்' நாவலைத் தமிழில் கொண்டுவர வேண்டும் என்றும், அதை இயன்றவரை உஸ்பெக் மூலத்திலிருந்தே செய்ய வேண்டும் என்றும் கேட்டுக்கொள்வதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன்.

சோவியத் நாட்டின் மலிவு விலைப் பதிப்புகள் நம் வீட்டு அலமாரிகளை நிறைத்த காலத்தில் தல்ஸ்தோயும் கோர்க்கியும் நமக்கு உறவினர்களைப் போல் ஆனார்கள். மத்திய ஆசியாவிலிருந்துகூட சிங்கிஸ் ஐத்மாத்தவின் 'ஜமீலா' வந்து சேர்ந்தது. சோல்பான் மட்டும் வரவில்லை. அவர் எழுத்தில் குறையிருந்ததல்ல காரணம். அவருடைய நூல்களை உஸ்பெகிஸ்தானின் தலைநகரான தாஷ்கெந்திலேயே அச்சிட முடியாத நிலை அரை நூற்றாண்டுக் காலம் நீடித்தது. நமக்கு எது வர வேண்டும் என்பதை அன்று வேறொருவர் முடிவு செய்தார் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். 1991இல் சோவியத் நாடு கலைந்த பிறகும் அதையே சொல்லிக்கொண்டிருப்பது நமக்கு அழகல்ல.

அப்துல்ஹமீத் சுலைமான் என்ற இயற்பெயர் கொண்ட அவர் ஃபெர்கானா பள்ளத்தாக்கிலுள்ள அந்திஜானில், பெரும்பாலோர் ஏற்கும் கணக்குப்படி 1897இல், ஒரு துணி வணிகரின் மகனாகப் பிறந்தார். மதரசாவிலும், உள்ளூர்ப் பிள்ளைகளுக்காக ஜார் அரசு நடத்திய ரஷ்யப் பள்ளியிலும் படித்தார். கல்வியாலும் நாடகத்தாலும் பத்திரிகையாலும் தம் சமூகத்தை மாற்ற முயன்ற ஜதீத் சீர்திருத்தக்காரர்களின் தாக்கத்தில் 1914 முதலே எழுதத் தொடங்கி, விடிவெள்ளி என்று பொருள்படும் சோல்பான் என்ற புனைபெயரைச் சூடிக்கொண்டார். 1917ஆம் ஆண்டின் இறுதியில் கோகந்த் நகரில் அமைந்த, ஜார் ஆட்சிக்குட்பட்டிருந்த மத்திய ஆசியப் பகுதியான துருக்கிஸ்தானின் தன்னாட்சி அரசை வரவேற்றுப் பாடியவர், சில மாதங்களிலேயே அது இரத்தத்தில் அழிக்கப்பட்டதையும் கண்டார். மலைகள் வானுக்கு வணக்கம் சொல்லும் வலிய நாடே, உன் தலைமீது ஏன் இந்த அடர்ந்த மேகம் என்று அவர் கேட்ட கவிதையை அந்த அனுபவத்திலிருந்து பிரித்துப் படிக்க முடியாது. 1920களில் அவருடைய கவிதைத் தொகுப்புகள் அடுத்தடுத்து வந்தன. தாகூரைப் பற்றி உஸ்பெக் வாசகர்களுக்குக் கட்டுரைகள் எழுதினார். மாஸ்கோவில் உஸ்பெக் நாடகக் கலைஞர்களோடு சில காலம் பணியாற்றினார். 1927 அளவில் அவரைத் தேசியவாதி என்று பத்திரிகைகள் தாக்கத் தொடங்கியபோது, இளம் உஸ்பெக் எழுத்தாளரான ஆய்பெக் அவருக்காகப் பரிந்து எழுதினார். அந்தப் பரிவு அவரைக் காப்பாற்றப் போதவில்லை. 1937 ஜூலையில் கைது செய்யப்பட்டார். 1938 அக்டோபர் 4 அன்று சக உஸ்பெக் எழுத்தாளர்களான அப்துல்லா காதிரி, ஃபித்ரத் ஆகியோருடன் தாஷ்கெந்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். மரண தண்டனைத் தீர்ப்போ அக்டோபர் 5 என்ற தேதியைத் தாங்கி நிற்கிறது.

இந்தத் தேதிகளின் கொடுமை எவரையும் உலுக்கும் என்பதாலேயே ஓர் எச்சரிக்கையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. 'ஸ்தாலின் கொன்ற கவிஞர்' என்று அட்டையில் அச்சிட்டு அவரை விற்றுவிடாதீர்கள். சாவின் கதை நாவலை மறைத்துவிடக் கூடாது.

அந்த நாவலின் முதல் பாகமான 'இரவு' 1936இல் வெளிவந்தது. இரண்டாம் பாகமான 'பகல்' இன்றுவரை கிடைக்கவில்லை. முதல் உலகப் போர்க் காலத்துத் துருக்கிஸ்தானில், வீட்டில் அதிகம் வாய் திறக்காத, வெளியே பக்திமானாக மதிக்கப்படும் ரஸ்ஸாக் சூஃபியின் மகள் ஜெபி. குளிர்காலம் முடிந்து வெயில் எட்டிப்பார்க்கும் நாள்களில், தோழிகளோடு வண்டியேறி ஒரு கிராமத்துக்குப் போகிறாள். அவள் குரல் இனிமையானது. அந்தக் குரலே அவளுக்கு வினையாகிறது. அதன் புகழ், ஏற்கெனவே மூன்று மனைவியரை உடைய அக்பரலி என்ற வட்டாரத் தலைவனின் காதுக்கு எட்டுகிறது. அவள் அவனுக்கு நான்காம் மனைவியாக்கப்படுகிறாள். சக்களத்தி ஒருத்தி ஜெபிக்கென்று வைத்த நஞ்சு அக்பரலியைக் கொல்ல, பழி ஜெபியின் மேல் விழுகிறது; தனக்குப் புரியாத மொழியில் நடக்கும் ரஷ்ய நீதிமன்றத்தின் முன் நின்று, சைபீரியாவுக்கு நாடு கடத்தப்படுகிறாள். ஜாரின் அதிகாரி, உள்ளூர்த் தலைவன், ஊர் மதிக்கும் மதத் தலைவர், பெற்ற தகப்பன் என்று ஒவ்வொருவரும் சிறிது சிறிதாகச் சேர்ந்தே அவளை அழிக்கிறார்கள். குற்றத்தை ஒருவர் தலையில் மட்டும் கட்டிவிட ஆசிரியர் இடம் கொடுப்பதில்லை. தலைவனின் கையாளான மிர்யாகூப் இரயிலில் ஒரு சீர்திருத்தக்காரரைச் சந்தித்து மனம் மாறத் தொடங்கும் பகுதியில் பேச்சு சற்று நீண்டுவிடுகிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பெண்கள் தங்களுக்குள் பேசும் பக்கங்களில் உள்ள குறும்பும் வேகமும் தமிழ் வாசகரை உறுதியாகப் பிடித்துக்கொள்ளும்.

மூலத்திலிருந்தே மொழிபெயர்க்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. உஸ்பெக்கிலும் தமிழைப் போலவே வினை இறுதியில் வருகிறது. சொற்களோடு விகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொள்கின்றன. எச்சங்களைக் கோத்துக்கோத்து நீண்ட வாக்கியத்தைக் கட்ட முடிகிறது. ஆங்கிலத்துக்குப் போகும்போது குலைந்துபோகும் வரிசை, நேராகத் தமிழுக்கு வந்தால் பெரும்பாலும் குலையாமல் நிற்கும். சோல்பானே 'ஹாம்லெட்'டை ரஷ்யன் வழியாகத்தான் உஸ்பெக்குக்குக் கொண்டுவந்தார் என்று நீங்கள் என்னை மடக்கலாம். உண்மைதான், அன்று அவருக்கு இருந்த வழி அது ஒன்றே. உஸ்பெக்கும் தமிழும் ஒருசேர அறிந்த மொழிபெயர்ப்பாளரைத் தேடிக் காத்திருக்கவும் தேவையில்லை. தாய்மொழியாக உஸ்பெக் பேசும் ஒருவரும் தமிழில் தேர்ந்த ஓர் எழுத்தாளரும் சேர்ந்து அமர்ந்து, கிறிஸ்தோபர் ஃபோர்ட் 2019இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பை ஐயம் தீர்த்துக்கொள்ள அருகில் வைத்துக்கொண்டு, இந்த வேலையைச் செய்ய முடியும். கவிதைகள் பிறகு வரட்டும். ஓசையை நம்பி நிற்கும் அவற்றுக்கு அவசரம் ஆகாது.

செலவைப் பற்றியும் ஒரு சொல். ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டுகள் கடந்தால் பதிப்புரிமை முடிவுறும் என்பது நம் நாட்டுச் சட்டம். ஆகவே 1938இல் மறைந்தவர் தம் வாழ்நாளிலேயே வெளியிட்ட இந்த நாவலின் உஸ்பெக் மூலத்துக்கு நீங்கள் உரிமைத்தொகை தர வேண்டியிராது. ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்தால்தான் உரிமை பெற வேண்டிவரும். அவ்வாறு மிச்சமாகும் தொகையை உஸ்பெக் அறிந்த துணையாளருக்கு முறையான ஊதியமாகக் கொடுங்கள். அவர் பெயரையும் அட்டையில் போடுங்கள். முழு நூலுக்கு இறங்கத் தயங்குபவர்கள், வண்டிப் பயணம் இடம்பெறும் தொடக்க அத்தியாயங்களை மட்டும் முதலில் ஓர் இலக்கிய இதழில் வெளியிட்டுப் பார்க்கலாம்.

அன்புடன்,
தங்கள் பதிப்புகளின் வாசகர் ஒருவர்