லேவியராகமத்தில் நின்றுபோனவளுக்கு

அன்புள்ள ஜெபா,

மஸ்கட்டிலிருந்து நீ அனுப்பிய ஆறு நிமிட வாய்ஸ் மெசேஜுக்குப் பதில் எழுத மூன்று வாரமாகிவிட்டது. திட்டு, ஆனால் ஒரே ஒரு தடவை. இங்கே எல்லாரும் சுகம். மூக்குப்பொடித் தாத்தா இந்த வருஷச் சபை விருந்தான அசனத்திலும் இரண்டு பந்தியில் உட்கார்ந்தார், கேட்டால் முதல் பந்தி நினைவில்லை என்கிறார். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் அதே பூசணிக்காய், அதே சண்டை. போதும்.

இனி உன் கேள்வி. ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை, வசனம் உள்ளே இறங்கவில்லை, கர்த்தர் என்னை விட்டுவிட்டாரா என்று கேட்டாய். அவர் விடவில்லை, ஏட்டி. நீ விட்டது வேதாகமத்தின் மூன்றாம் புத்தகமான லேவியராகமத்தில்.

கணக்கைப் பார். வேதாகமத்தில் 1189 அதிகாரம். கிழமை நாளில் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று வாசித்தால் ஒரு வருஷத்தில் முடியும். வருஷக் கடைசி இரவு வாட்ச் நைட் ஆராதனையில் புல்லரித்துப்போய் எல்லாரும் எடுக்கிற தீர்மானம் இது. ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40. ஜனவரி கடைசி வாரம் லேவியராகமத்துக்குள் வந்துவிடுவோம். பிப்ரவரி பிறக்கையில் 13-ஆம் அதிகாரம்: தடிப்பு, அசறு, வெள்ளைப்படர், ஆசாரியன் ஏழு நாள் அடைத்துவைத்துப் பார்ப்பது என்று 59 வசனம். நர்ஸான நீயே அங்கே சறுக்கினால் மற்றவர்களை என்ன சொல்ல? ஒரு வாரம் விட்டால் 23 அதிகாரம் பாக்கி. பாக்கி ஏறினதும் வேதாகமம் கடன்காரன் மாதிரி மேசையில் உட்கார்ந்து நம்மைப் பார்க்கும். நாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனை எடுப்போம். இதைத்தான் நீ 'வறட்சி' என்கிறாய்.

பாக்கியைத் தள்ளுபடி செய்துவிடு. பிறகு லேவியராகமத்துக்குத் திரும்பி வரலாம், எபிரெயர் நிருபத்தை வாசித்துவிட்டு வந்தால் அந்தப் பலிகள் எதற்கு என்று புரியும். இப்போது மாற்கு சுவிசேஷத்தை எடு. 16 அதிகாரம்தான், ஒரு விடுமுறை நாளில் சத்தமாக வாசித்தால் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பிறகு பவுல் எழுதிய பிலிப்பியர் நிருபம்: நான்கு அதிகாரம், 104 வசனம், கால் மணி நேரம். அதையே முப்பது நாள் தினமும் வாசி. பத்தாம் நாள் சலிக்கும், அங்கே விட்டுவிடாதே. பதினைந்தாம் நாள் வாக்கில், சிறையில் கட்டுண்டு கிடக்கிற பவுல் திரும்பத் திரும்பச் சந்தோஷம் என்றே சொல்லிக்கொண்டிருப்பது காதில் விழ ஆரம்பிக்கும். பவுலின் நீள வாக்கியங்களில் மூச்சுத் திணறினால் பக்கத்தில் எளிய நடையிலுள்ள திருவிவிலியம் மொழிபெயர்ப்பையும் வைத்துக்கொள். எபேசியர் முதல் அதிகாரத்தில் 3 முதல் 14 வரை கிரேக்கத்தில் ஒரே வாக்கியம், தடுமாறுவது உன் குற்றமில்லை. மனப்பாடத்துக்கு மட்டும் பழைய மொழிபெயர்ப்பே இருக்கட்டும். சின்ன வயதில் நாக்கில் ஏறின ஓசை அது.

சங்கீதத்துக்கு ஒரு சுலபக் கணக்கு உண்டு. இன்று தேதி 17 என்றால் 17-ஆம் சங்கீதம், அதிலிருந்து முப்பது முப்பதாகக் கூட்டு: 47, 77, 107, 137. ஐந்தையும் கண்ணால் ஓட்டிப் பார், எது பிடிக்கிறதோ அதில் நின்றுவிடு. ஒரே ஒரு கண்ணி 29-ஆம் தேதி இருக்கிறது. அன்று 119 வந்து விழும், 176 வசனம். அதை 31-ஆம் தேதிக்குத் தள்ளிவை.

நேரத்தைப் பற்றி நீ சொன்னதைக் கேட்டு எனக்குக் கோபமே வந்தது. பன்னிரண்டு மணி நேர நைட் டூட்டி முடித்து, காலையில் ஹேண்ட் ஓவர் கொடுத்து, அறைக்கு வந்து 'அதிகாலை ஜெபம்' செய்கிறாளாம்! அந்த நேரத்தில் முழங்கால் போட்டால் தூக்கம்தான் வரும். தூங்கிவிட்டேனே என்று குற்ற உணர்ச்சி வேறு. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே படுத்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்றபோது தூதன் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்கவிட்டான், மறுபடி சாப்பிடச் சொன்னான். கர்த்தரின் மெல்லிய சத்தம் வந்தது அதற்கு நாற்பது நாள் கழித்து. நீயும் முதலில் தூங்கு. சாயங்காலம் எழுந்து முகம் கழுவி, சாயா குடித்து, யூனிஃபார்ம் போடுவதற்கு முந்தைய இருபது நிமிஷம், அதுதான் உன் அதிகாலை. நைட் டூட்டி வாரத்தில் உபவாசம் வேண்டாம், மருந்து அளக்கிற கை நடுங்கக் கூடாது. இவ்வளவுக்குப் பிறகும் எதிலும் ஒட்டாமல் சோர்வாகவே இருந்தால் தைராய்டும் ஹீமோகுளோபினும் பார். நான் சொல்லியா உனக்குத் தெரிய வேண்டும்? எல்லாச் சோர்வையும் பிசாசின் கணக்கில் எழுதாதே.

இருபது நிமிஷத்தில் என்ன செய்வது? வார்த்தை வராதவர்களுக்கு என்று 1535-இல் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. கேட்டது இறையியல் மாணவன் இல்லை, ஜெர்மனியின் விட்டன்பர்க்கில் அவருக்குச் சவரம் செய்த பேத்தர் என்ற நாவிதர். கத்தியில் கண் வைக்காமல் பேசிக்கொண்டே சிரைத்தால் மூக்கோ கழுத்தோ போய்விடும், ஜெபத்துக்கும் அந்தக் கவனம் வேண்டும் என்று நாவிதரின் தொழிலை வைத்தே லூத்தர் சொல்கிறார். நீ டிரிப் சொட்டு எண்ணும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் எப்படி முறைப்பாய்? அந்த முறைப்பு.

முறை இது. பத்துக் கட்டளையில் ஒன்றை எடுத்து, நாலு இழையாகத் திரித்து மாலை கட்டு: கற்பிப்பது என்ன, நன்றி சொல்ல என்ன இருக்கிறது, அறிக்கையிட என்ன, கேட்க என்ன. 'களவு செய்யாதிருப்பாயாக' என்பதை எடுத்துக்கொள்ளேன். கற்பது: என் கையில் இருப்பதற்கும் அடுத்தவர் கையில் இருப்பதற்கும் நடுவே தேவன் கோடு போட்டிருக்கிறார். நன்றி: சம்பளம் தேதியில் வந்தது, வீட்டுக்கு அனுப்பிய பணம் முழுசாகப் போய்ச் சேர்ந்தது. அறிக்கை: ஜூனியர் பெண் கண்டுபிடித்ததை டாக்டரிடம் நான் கண்டுபிடித்த மாதிரிச் சொன்னேனா? கேட்பது: நாளைக்கு அவள் பேரைச் சொல்ல வாய் கொடும். அவ்வளவுதான், முடிவில் ஆமென் என்று அழுத்திச் சொல். தொண்டைக்குள் முனகுகிற ஆமென் லூத்தருக்குப் பிடிக்காது. நடுவில் ஒரு நினைவு வந்து உன்னைப் பிடித்துக்கொண்டால் மற்ற இழைகளை விட்டுவிட்டுச் சும்மா இரு என்பதும் அவர் சொன்னதுதான். இதில் தவறு எங்கே வரும் தெரியுமா? ஒரே நாளில் பத்துக் கட்டளையையும் முடிக்கப் பார்ப்பதில். ஒன்று போதும், பத்து நாளில் ஒரு சுற்று வரும்.

அந்தப் பேத்தர் என்ன ஆனார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதே 1535-இல், ஈஸ்டருக்கு முந்தின நாள், சாப்பாட்டு மேசையில் தன் மருமகனைக் கத்தியால் குத்திக் கொன்றுவிட்டார். லூத்தரும் பரிந்து பேசியதால் தலை தப்பியது, ஊரைவிட்டு அனுப்பினார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். அவ்வளவு நல்ல முறை அவர் கையில்தான் இருந்தது.

முறை மட்டும் போதாது, பக்கத்தில் ஆட்களும் வேண்டும். அதனால்தான் உன் இன்னொரு வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை. 'ஆராதனையை ஆன்லைனில் பார்த்துக்கொள்கிறேன்' என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனாய். கட்டிலில் படுத்துக்கொண்டு போனில் பார்க்கும் ஆராதனையில் உன் முகம் வாடியிருப்பதை யார் பார்ப்பார்கள்? திருவிருந்தை யார் கையில் வைப்பார்கள்? காலை ஐந்து மணிக்குக் குரூப்பில் வரும் வாக்குத்தத்தப் படத்துக்கு நீ கைகூப்புகிற பொம்மை போடுவதை ஐக்கியம் என்று சொல்லாதே, நானும்தான் போடுகிறேன். மஸ்கட்டின் ரூவி பகுதியில் சபை வளாகம் இருக்கிறது, அங்கே வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. மாதத்தில் இரண்டு வெள்ளியாவது டூட்டி மாற்றிக் கேள். முடிந்ததும் ஓடிவராமல் வாசலில் பத்து நிமிஷம் நில். சேர்ந்து சாயா குடி.

அதோடு இரண்டு பேரைத் தேடு. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் ஆட்கள் 1742-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பன்னிரண்டு பன்னிரண்டு பேராகப் பிரிந்தது ஜெபத்துக்காகக் கூட இல்லை. கட்டடக் கடன் அடைக்க வாரம் ஒரு பென்னி வசூலிக்கத்தான். வசூலுக்குப் போனவர்கள் வீட்டு நிலைமையைக் கண்டார்கள், அதிலிருந்து பிறந்தது, ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்ளும் 'வகுப்புக் கூட்டம்'. உனக்குப் பன்னிரண்டு வேண்டாம், மூன்று பேர், வாரம் நாற்பது நிமிஷம். ஆளுக்குப் பத்து நிமிஷம் பேச, மீதி ஜெபிக்க. தன்னைப் பற்றி மட்டும்தான் பேச வேண்டும், இந்த ஒரு சட்டத்தை விட்டுக்கொடுக்காதே. இல்லாவிட்டால், 'ஜெபத்துக்காகத்தான் சொல்றேன்' என்று ஆரம்பித்து அடுத்தவள் வீட்டுச் சண்டை முழுவதும் வந்துவிடும். நம் செவ்வாய்க்கிழமைக் கூட்டம் எப்படி முடிந்தது, மறந்தாயா? ஒரு நோட்டில் கேட்ட தேதியும் பதில் வந்த தேதியும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். 'இல்லை' என்று வந்ததையும் எழுதுங்கள்.

மூன்றாவது ஆள் கிடைக்கும்வரை என்னைக் கூப்பிடு. உன் சாயங்காலம் ஐந்தரை, எனக்கு ஏழு. சீரியல் ஓடும் நேரம்தான், அம்மா கத்துவாள், பரவாயில்லை. வியாழக்கிழமை கூப்பிடும்போது எந்தக் கட்டளை என்று சொல்லு, நானும் அதையே எடுத்துக்கொள்கிறேன். அந்த ஜூனியர் பெண் விஷயம் நான் கற்பனையாக எழுதினது, உண்மையாக இருந்தால் அதையும் சொல்லு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்ச்காரி